தேய வேண்டிய கல்

தேய்ந்து போவதற்கென்றே ஒரு பொருளை இவ்வளவு கவனமாகச் செய்வார்கள் என்று வேலைக்குச் சேரும்வரை ரெபேக்காளுக்குத் தெரியாது. திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகும் சாலையில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் இரும்பைத் தேய்க்கும் சாணைச் சக்கரங்கள் செய்கிறார்கள். அங்கே எல்லோருக்கும் அது வெறும் ‘வீல்’. சர்க்கரைபோல் இருக்கும் கடினமான அலுமினா மணிகளை ஒருவகைக் களிமண்ணோடு கலந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுடுவார்கள். சூட்டில் மண் கண்ணாடியாகி மணிகளைப் பிடித்துக்கொள்ளும். வேதியியல் படித்துவிட்டு மண் சோதிக்க வந்தவள், கொஞ்சம் கொஞ்சமாக எந்த வேலைக்கு எப்படிப்பட்ட வீல் என்று முடிவு செய்கிறவளாக ஆகியிருந்தாள்.

மணவூர்ப் பக்கம் பேரிங் வளையங்கள் செய்யும் பட்டறை ஒன்று இவர்களிடம் வீல் வாங்கிக்கொண்டிருந்தது. வீல் சீக்கிரம் தேய்கிறது என்று அங்கிருந்து புகார் வந்தது. ரெபேக்காளின் முதலாளி சாமிநாதன், இன்னும் கெட்டியாகச் செய்து அனுப்பச் சொன்னார். ரெபேக்காள் மண்ணைக் கூட்டிச் செய்து கொடுத்தாள். வீல் தேயவில்லை. ஆனால் வளையங்களின் மேல் நீலமும் பழுப்புமாகக் கறை விழுந்தது. இரும்பு கருகினால் வரும் கறை அது. அப்படிப்பட்ட பேரிங் ஓட ஓட வெடிப்பு விடும். பட்டறைக்காரர்கள் வீலைக் குறை சொன்னார்கள். சாமிநாதன், தேய்க்கும்போது சூடு தணிய அவர்கள் ஊற்றும் குளிர்நீரைக் குறை சொன்னார்.

ரெபேக்காள் யாரையும் குறை சொல்லாமல் மணவூருக்குப் போனாள். இயந்திரத்தின் அடியில் தேங்கியிருந்த கறுப்புச் சேற்றைத் தன் டிபன் பாக்ஸில் வழித்து எடுத்து வந்து, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். தூளாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். பார்த்தால் உருண்டை உருண்டையாக, மழைத்துளி உறைந்ததுபோல் இரும்பு. கெட்டியாக்குவதற்கு முந்தைய வீலின் சேறு கொஞ்சம் கிடைத்தது, அதையும் பார்த்தாள். அதில் உருண்டைகள் குறைவு. இழைப்புளியில் மரம் சீவினால் விழுமே, அதுபோல் மெல்லிய இரும்புச் சுருள்களே அதிகம்.

அன்று முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மணியும் ஒரு சின்ன உளி. மழுங்கியதும் அது உதிர்ந்து அடுத்த கூர்மணிக்கு வழிவிட வேண்டும். கெட்டியான மண் அதை விடாமல் பிடித்துக்கொண்டால், மணி இரும்பை வெட்டாமல் உரசுகிறது. உரசலில்தான் இரும்பு உருகியிருக்கிறது. மண்ணைக் குறைத்தாலோ வீல் கரைந்துவிடும். அப்படியானால் மாற்ற வேண்டியது மணியுமல்ல, மண்ணுமல்ல, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம் என்று அவளுக்குத் தோன்றியது. இரும்புச் சீவல் உட்காரவும் குளிர்நீர் உள்ளே போகவும் இடம் வேண்டும்.

அவள் கணவன் ஆல்பின் அரக்கோணத்தில் ரயில்வே மெக்கானிக். சாப்பிடும்போது இதைக் கேட்டவன், “அத்தினி ஓட்டை இருந்தா சுத்தும்போது ஒடைஞ்சிடாதா?” என்றான்.

“அதாங்க எனக்கும் தெரியணும்” என்றாள்.

கலவையில் எதையாவது சேர்த்து, சூளையில் அது எரிந்து போனால் அதன் இடம் துளையாக நிற்கும். மற்ற ஊர்களில் இதற்கு ரசகற்பூரம், அதாவது பாச்சை உருண்டைப் பொடி, சேர்ப்பார்கள். அந்த நெடியை அவளால் தாங்க முடியாது. மரத்தூளைப் போட்டுப் பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்ததும் வீல் பணியாரம்போல் உப்பியது. உமி எரிந்து நிறையச் சாம்பலை விட்டது. கனகம்மாசத்திரத்தில் வேர்க்கடலை உடைக்கும் மில்லிலிருந்து தோலை மூட்டையாக வாங்கி வந்து அரைத்துச் சலித்துப் போட்டாள். அச்சில் வீல் ஒழுங்காக நின்றது. சூளையிலிருந்து வரும்போது பிளந்திருந்தது.

சூளையைப் பார்த்துக்கொள்ளும் பூபாலன் பிளவை விரலால் தடவிப் பார்த்தார்.

“தோலு எரிஞ்ச பொகை வெளிய வரணுமில்லம்மா? நான் பாட்டுக்குச் சூட்ட ஏத்திகினே இருந்தா அது எங்க போவும்?”

அடுத்த முறை, தோல் எரியும் கட்டம் வரை அவர் சூட்டை மெல்ல மெல்ல ஏற்றினார். வீல்கள் முழுசாக வந்தன. தட்டினால் கோயில் மணிபோல் ஒலித்தன.

தொழிற்சாலையை விட்டுப் போகும் எந்த வீலையும் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, வேலை செய்யும் வேகத்தைவிட அதிகமாகச் சுற்றவிட்டுச் சோதிப்பார்கள். ரெபேக்காளின் முதல் வீல் அதில் வெடித்தது. கூண்டு தாங்கியது, யாருக்கும் ஒன்றுமில்லை. சாமிநாதன் இதோடு போதும் என்றார். கூண்டு திறந்ததும் அவள் துண்டுகளைப் பொறுக்கி வரிசையாக வைத்துப் பார்த்தாள். பிளவு ஒரு பெரிய துளையிலிருந்து அடுத்த பெரிய துளைக்கு எட்டி எட்டிப் போயிருந்தது. சிறிய துளைகள் பக்கம் அது போகவே இல்லை. அதைக் காட்டி, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கேட்டாள். அவர் அரைமனதாகத் தலையாட்டினார். இந்த முறை தோலை மாவுபோல் சலித்துச் சேர்த்தாள். கூண்டுக்குள் வீல் உடையாமல் சுற்றி நின்றது.

மணவூர் பட்டறையின் மேஸ்திரி தணிகைவேல் வீலைக் கையில் வாங்கியதும், “இன்னாம்மா, ரஸ்க்கு மாதிரி கீது” என்றார். இயந்திரத்தில் மாட்டினார்கள். வளையங்கள் வெள்ளையாக வந்தன. கண்ணுக்குத் தெரியாத கருகலையும் காட்டிக்கொடுக்கும் அமிலத்தில் முக்கிப் பார்த்தும் கருகல் தெரியவில்லை. கெட்டி வீலைவிட இது சற்று வேகமாகத்தான் தேய்ந்தது. ஆனால் மழுங்கிய வீலை வைரமுனையால் அடிக்கடி சீவ வேண்டியிருந்த வேலை வெகுவாகக் குறைந்தது. அந்தச் சீவலில்தான் கெட்டி வீல் பாதி வீணாகிக்கொண்டிருந்தது. வளையத்தின் வெளிப்பக்கத்துக்கு இனி இதுவே போதும் என்று தணிகைவேல் சொல்லிவிட்டார்.

உள்பக்கத்துக்கு மட்டும் அது சரிப்படவில்லை. அங்கே போகும் வீல் சின்னது; அதன் விளிம்பு பொடிந்துகொண்டே இருக்கிறது. ஏன் என்று ரெபேக்காளுக்கு இன்னும் பிடிபடவில்லை. போன வாரம் தணிகைவேலுக்கு போன் செய்து, பொடிந்த வீல்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொன்னாள்.

“ஒடைஞ்சத வெச்சிகினு இன்னாம்மா பண்ணப் போற?”

“எந்தப் பக்கத்துல மொதல்ல பொடிய ஆரம்பிச்சுதுன்னு பாக்கணும்ங்க. சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்.”