கண்ணை மூடாத பெண்

பண்டத்தரிப்பில் எங்கள் மாதா கோயிலுக்குச் சில ஞாயிறுகளாக முன்பின் கண்டிராத ஒரு பெண் வந்தாள். நாங்கள் விரலால் தொட்டுச் சிலுவை போடும் வாசல் தொட்டித் தீர்த்தத்தை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தாள். சைவக்காரி என்று அப்போதே கண்டுகொண்டேன். செபத்தின்போது அவள் கண்ணை மூடவில்லை. நானும் மூடவில்லை, அவளைக் கவனிக்க வேண்டுமே! நாங்கள் மதம் மாற்றுகிறோம் என்று முறைப்பாடு கொடுக்க யாரோ அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன்.

ஒருநாள் பூசை முடிய என்னிடம் வந்து, "அம்மா, நீங்கள் ஏன் யேசுவைக் கும்பிடுறியள்?" என்று கேட்டாள்.

"உம்மை ஆர் அனுப்பினது?" என்றேன்.

அவள் முகம் கறுத்துவிட்டது. "ஒருத்தரும் அனுப்பேல்லை. என்ரை மகள் உங்கடை வேதக்காரப் பெடியன் ஒருத்தனைத்தான் கட்டுவன் எண்டு நிக்கிறாள். மறிக்க முன்னம், பிள்ளை எப்பிடியான ஆக்களிட்டைப் போகப்போறாள் எண்டு பாக்க வந்தன். இப்ப விளங்கீட்டுது" என்று திரும்பினாள்.

என் வாயால் ஒரு கலியாணம் குழம்பப் பார்த்ததே! ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றாலும் செபங்கள் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனால் அவள் கேட்டதற்கு அவற்றில் பதில் கிடைக்கவில்லை.

"என்ரை மனுசன் செத்துப்போனாப் பிறகு நான் கதைக்கிறது அவரோடைதான்" என்று சிலுவையைக் காட்டினேன்.

"அவர் திருப்பிக் கதைப்பாரோ?"

"இல்லை. ஆனா நான் கதைக்கேக்கை எழும்பிப் போகமாட்டார்."

அவள் சிரித்துவிட்டாள். அடுத்த ஞாயிறு மகளையும் கூட்டிவந்தாள்.

புது முகத்தைக் கண்டால் இப்போதும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் முதலில் கோயில் பாயில் தள்ளியிருந்து இடம் கொடுக்கிறேன். கேட்டால் பதில் சொல்கிறேன். சந்தேகப்படுவதை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்கிறேன்.