கதவு சாத்தினாலும் நான் உள்ளேதான்

முதுகெலும்பு கிளினிக்கில் எனக்கு எலும்போடு வேலையே இல்லை. ஆண் டாக்டர் பெண்களைப் பார்க்கும்போது அதே அறையில் நிற்பதுதான் வேலை. மலேசியாவில், ஈப்போ நகரில் ஆறு வருஷமாக நிற்கிறேன். சம்பளத்துக்குச் சும்மா நிற்கும் உங்களுக்கெல்லாம் என் கால்வலி புரியும்.

யாருக்குச் சாட்சி?

சிம்பாங் பூலாயிலிருந்து ஒருவர் மனைவியை இடுப்புவலிக்கு அழைத்து வந்தார். டாக்டர் எங்கே கை வைக்கப்போகிறார் என்று முதலில் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் தொடுவார், நானும் சாட்சியாகக் கூடவே இருப்பேன் என்று விளக்கினேன். கணவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க அவருகிட்ட சம்பளம் வாங்குறவங்க. அப்புறம் எப்படிக்கா எங்களுக்குச் சாட்சி?"

மேசைமேல் இருந்த ஃபைல்

எங்கள் டாக்டர் விடுப்பில் போனபோது அவருக்குப் பதிலாக ஓர் இளைஞர் வந்தார். சிரித்த முகம். மூன்றாம் நாள், பத்து காஜா ஊரிலிருந்து வந்த டீச்சர் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். டாக்டர் என்னை வெளியே போய் ஃபைல் எடுத்துவரச் சொன்னார். ஃபைல் மேசைமேலேயே இருந்தது. எடுத்து நீட்டினேன். அடுத்து துண்டு கேட்டார். அதுவும் அலமாரியிலேயே இருந்தது.

"சரி, நீங்க வெளியே இருங்க" என்றார்.

"இல்ல டாக்டர், நான் இங்கேயே இருக்கேன்" என்றேன். சிகிச்சையைச் சீக்கிரம் முடித்துவிட்டார். டீச்சர் போனதும் என்னிடம் வந்தார். அவர் சொன்னதைக் கேட்டு, பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை எனக்கு என்மேலேயே சந்தேகம்.

"உங்க மனசு சுத்தமில்லக்கா. அதான் எல்லாம் தப்பாத் தெரியுது."

டீச்சரின் கைப்பேசி

அடுத்த வாரம் டீச்சர் வந்து கைப்பேசியை நீட்டினார். பதிவு அட்டையிலிருந்து நம்பரை எடுத்து அந்த டாக்டர் அனுப்பிய செய்தி: வீட்டுக்கே வந்து பார்க்கிறேன், அங்கே அந்த அக்கா தொல்லை இருக்காது.

இருவரும் உட்கார்ந்து புகார் எழுதினோம். ஃபைல், துண்டு விஷயத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் டாக்டர் திரும்பி வந்து படித்தார். அன்றே அந்த ஆளை நிறுத்தினார், புகாரை மேலிடத்துக்கும் அனுப்பினார்.

அன்று படுத்திருந்தபோது பயமாக இருந்ததா என்று டீச்சரிடம் கேட்டேன்.

"கட்டில்ல முகம் வைக்கிற ஓட்டை வழியா உங்க கால் சப்பாத்து மட்டும்தான் தெரிஞ்சுச்சு. அது நகருதா நகருதான்னு பார்த்துக்கிட்டே கிடந்தேன்லா."

இப்போது எந்த டாக்டர் வந்தாலும் சந்தேகமாகத்தான் பார்க்கிறேன். நல்லவர்கள் அதற்குக் கோபப்படுவதில்லை, கோபப்படுகிறவர்களை இன்னும் கொஞ்சம் கிட்டே நின்று பார்க்கிறேன்.