பத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரு குரல்

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு றொட்னி றஞ்சிதாவின் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவனுடைய சேட்டில் இருந்த இரத்தம் அவனுடையதுதான் என்று அவள் நினைத்தாள். எங்கேயோ அடிபட்டு உதவிக்கு வந்திருக்கிறான் என்று கதிரையை விட்டு எழும்பினாள். அவன் அவளுடைய இடது காதோடு சேர்த்து அறைந்தான். சுவரில் மோதி விழுந்தாள். காதுக்குள் ஒரு நீண்ட விசில் கேட்கத் தொடங்கியது.

அவனோடு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் கையில் தண்ணீர்க்குழாய் இரும்பு இருந்தது. மொனிற்றரின் நடுவில் முதல் அடி விழுந்தது. அடுத்த அடியில் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களும் நொறுங்கின. கொம்பியூட்டர்ப் பெட்டியை றொட்னி தூக்கிச் சீமெந்து நிலத்தில் எறிந்தான்.

"வேணுமெண்டுதானேடி விட்டனீ? என்ர அம்மாவை ஊர் சிரிக்க வேணுமெண்டுதானே விட்டனீ?"

என்னத்தை விட்டேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. பின்பக்கம் வலை தைத்துக்கொண்டிருந்த கணவன் பத்திநாதன் ஓடி வந்தான். இரும்பு அவனுடைய வலது முன்கையில் விழுந்தது. காய்ந்த பனைமட்டை முறிவது போன்ற சத்தத்தை விசிலுக்கு மேலாக அவள் கேட்டாள். அவன் நிலத்தில் உருண்டு கத்தினான். வந்தவர்கள் நடந்தே போனார்கள்.

என்ன நடந்தது என்பதை ஆஸ்பத்திரியில் கமராக்காரன் றோய் சொன்னான்.

றொட்னியின் கலியாணத்தைப் படம் பிடித்தவன் றோய். அதை வெட்டி ஒட்டி வீடியோவாக்கியவள் றஞ்சிதா. சனிக்கிழமைதான் கொடுத்தாள். மறுநாள் மத்தியானம் கீரிக் கிராமத்தில் மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் கூடிச் சாப்பிட்டுவிட்டு, பெரிய தொலைக்காட்சியில், ஆளுயரப் பெட்டிகள் வைத்த சவுண்ட் செட்டில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். பத்தொன்பதாவது நிமிடம் கேக் வெட்டும் இடம். பாண்ட் வாத்தியம் முழங்கியது. அதன் அடியிலிருந்து ஓர் ஆம்பிளைக் குரல் வந்தது.

"அந்தக் கிறேஸ் பழுது. எத்தினை பேரின்ர கை பட்டதோ... கிட்டவும் எடுக்கக்கூடாது."

கிறேஸ் என்பது றொட்னியின் தாய். புருசன் கடலில் போன பிறகு கருவாடு காயவிட்டும் நண்டு உடைத்தும் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். தனியாக இருந்த பெண்ணைப் பற்றி ஊர் கதைக்காத கதை இல்லை. குரலோ அம்புறோசுடையது. கலியாணப் பொம்பிளை அனுஜாவின் தாய்மாமன். அந்த நேரம் அதே வீட்டில், அதே பாயில், சோற்றுக் கையோடு இருந்தார்.

றொட்னி இறைச்சி வெட்டும் கத்தியை எடுத்தான். அம்புறோஸ் கையை உயர்த்தினார். மூன்று விரல்கள் போய்விட்டன.

"நீங்கள் இதைக் கேக்கேல்லையோ அக்கா?" என்று றோய் கேட்டான். "வெட்டேக்க கேட்டிருப்பியள்தானே?"

கேட்கவில்லை. அதுதான் உண்மை. 

றஞ்சிதா வெள்ளாங்குளத்தில் பிறந்தவள். தொண்ணூறாம் ஆண்டு ஆறு வயதில் வள்ளம் ஏறி மண்டபம் முகாமுக்குப் போனாள். முகாமில் படித்து, இராமநாதபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் கூட்டித் துடைக்கப் போய், அங்கே இருந்தவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து எடிற்றிங் பிடித்துக்கொண்டாள். சண்டை முடிந்து திரும்பியபோது, ஒரு பழைய கொம்பியூட்டரும் அந்தத் தொழிலும்தான் அவள் கொண்டு வந்தவை. கலியாணம், கோவிலில் பிள்ளைகளின் முதல்நன்மை, மரணச் சடங்கு என்று மன்னார்த் தீவில் பாதிப் பேரின் முகம் அவளுக்குத் தெரியும். படம் ஒரு மயிரிழை பிசகாது. சத்தத்தை மட்டும் அவள் ஒருநாளும் பெரிதாக எண்ணியதில்லை. பாதையோரக் கடையில் வாங்கிய சோப்புப் பெட்டி அளவு ஸ்பீக்கர் இரண்டு. எப்போதும் ஒரு இரைச்சல். பாண்ட் அடித்தால் பாண்ட் மட்டும்தான் கேட்கும். அதுவே போதும் என்று பத்து வருசம் ஓட்டிவிட்டாள்.

றொட்னியைப் பொலிஸ் அன்றே பிடித்தது. ஒரு மாதத்தில் பிணையில் வந்துவிட்டான். அதற்குள் அனுஜாவை அவளுடைய வீட்டார் வங்காலைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். றோய் வேலை கொண்டு வரவில்லை. "ஆக்கள் பயப்பிடுகினம் அக்கா, நான் என்ன செய்ய?" என்றான். பத்திநாதன் மாக்கட்டுக் கையோடு வாசலில் இருந்து ஒரே கதையைத்தான் கதைத்தான்.

"கட்டு அவிழட்டும். அவன்ர கழுத்தை அறுக்காமல் நான் கடலுக்குப் போறதில்லை."

மற்றக் கையால் கத்தியைக் கல்லில் தீட்டிப் பழகிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது. அம்புறோஸ் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா என்ற ஒன்றுதான் றஞ்சிதாவின் தலைக்குள் ஓடியது. சொன்னார் என்றால் அவள் கைதான் அதை வெளியே விட்டது. ஒருநாள் காலை அடிபட்ட கொம்பியூட்டர்ப் பெட்டியை ஓட்டோவில் ஏற்றினாள்.

"எங்க போறாய்?"

"நுஃமானிட்ட. இதைத் திருத்தி, நல்ல ஸ்பீக்கர் ரெண்டு வாங்கப் போறன்."

"என்ர கை முறிஞ்சு கிடக்குது. உனக்குப் பாட்டுக் கேக்கோணுமோ?" என்று பத்திநாதன் கத்தியைத் தூக்கி எறிந்தான். அது கதவு நிலையில் குத்தி நின்றது. அவள் அதைப் பிடுங்கி அடுப்படியில் வைத்துவிட்டுப் போனாள்.

நுஃமான் மன்னார் ரவுணில் பழைய கொம்பியூட்டர் வாங்கி, திருத்தி, விற்பவர். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "தகரம்தான் நெளிஞ்சிருக்கு. உள்ளுக்கு எல்லாம் கிடக்கு" என்றார். பாவித்த மொனிற்றர் ஒன்றைக் குறைந்த விலைக்கு எடுத்து வைத்தார். அவளிடம் மிஞ்சியது பதினெட்டாயிரம் ரூபாய்.

அவள் கண் நேரே நீலமும் சிவப்புமாய் மின்னிய பெரிய செட்டுக்குப் போனது. நடுவில் ஒரு தடித்த பெட்டி, சுற்றி ஐந்து சின்னன்.

"அது வேணாம் அக்கா," என்றார் நுஃமான். "உங்களுக்கு என்ன கேக்கோணும்?"

"மனிசரின்ர கதை. மேளத்துக்கு அடியில கிடக்கிற கதை."

"கொண்டு வந்திருக்கிறீங்களோ?"

அவள் கோவில் பிரசங்கம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டு வந்திருந்தாள். பெரிய செட்டில் போட்டார். சாமியாரின் குரல் பானைக்குள் இருந்து வருவதுபோல் முழங்கியது. கடை அதிர்ந்தது, சொல் பிடிபடவில்லை.

"கண்டீங்களோ? அடிச்சத்தத்தை ஊதிப் பெருப்பிச்சுப் போட்டு, நடுவில இருக்கிற குரலை விழுங்குது. வீட்டில ஆடுறதுக்கு நல்லம், வேலைக்கு ஆகாது."

ஹெட்போனை நீட்டினார். அவள் தலையை ஆட்டினாள். இடது காதில் விசில் இன்னும் நிற்கவில்லை. காதை மூடினால் அதுதான் பெரிதாகக் கேட்டது. நுஃமான் அவளுடைய கன்னத்தை ஒருதடவை பார்த்தார். ஹெட்போனைத் திரும்ப எடுத்து வைத்தார்.

பின் அறையிலிருந்து இரண்டு கறுப்புப் பெட்டிகளைக் கொண்டு வந்தார். வெளிச்சம் இல்லை, அழகும் இல்லை. ஒன்றில் நீளக் கீறல். மூடிவிட்ட ஒரு ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வந்தவையாம். இரண்டையும் அவள் காதின் உயரத்துக்குத் தூக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, அவளைப் பார்த்துத் திருப்பி வைத்தார். இரைச்சல் வராமல் இருக்க விரலளவு சவுண்ட் காட் ஒன்றைக் கொம்பியூட்டரின் யூஎஸ்பியில் செருகினார்.

அதே பிரசங்கம். சாமியார் மூச்சு இழுப்பது கேட்டது. பின்வரிசை வாங்கில் ஒரு குழந்தை "தண்ணி" என்று கேட்டது. தாய் "உஷ்" என்றாள். இரண்டு வருசம் முந்தி அவளே வெட்டிய வீடியோ அது. அந்தக் குழந்தையை அவள் கேட்டதே இல்லை.

"இதைத் தாங்கோ," என்றாள்.

வீட்டில் இரண்டு செங்கல் அடுக்கி, மேலே மடித்த துணி போட்டு, பெட்டிகளை வைத்தாள். பத்தொன்பதாவது நிமிடம். முதல்முறை பாண்ட். இரண்டாம் முறை மேளத்தின் சத்தத்தைக் குறைத்தாள். ஆறாம் முறை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, வந்து கேளுங்கோ."

பத்திநாதன் வேண்டாவெறுப்பாக வந்து நின்றான். பெட்டிகளுக்கு நடுவிலிருந்து அம்புறோஸ் பக்கத்தில் நிற்பவர்போலப் பேசினார்.

"அந்தக் கிறீஸ் பழுது. எத்தினை பேரின்ர கை பட்டதோ, முழுக்க மண். எஞ்சினுக்குக் கிட்டவும் எடுக்கக்கூடாது."

பத்திநாதன் அப்படியே நிலத்தில் குந்தினான். "எஞ்சின் கிறீஸ்," என்றான். "எஞ்சினுக்குப் பூசுற கிறீஸ்." மாக்கட்டுக் கையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு எழும்பி அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்துச் சாரத்துக்குள் செருகினான்.

"வா, போவம்."

அவள் மறித்துப் பார்த்தாள். கேட்கமாட்டான் என்று தெரிந்தது. பெட்டிகளையும், போனில் ஏற்றிய அந்தக் குரல் துண்டையும் எடுத்துக்கொண்டு கூடவே போனாள்.

கீரி வீட்டில் கிறேஸ் விறாந்தையில் இருந்தாள். றொட்னி உள்ளேயிருந்து வந்தான். றஞ்சிதாவைக் கண்டதும் அவன் முகம் மாறியது.

"வெளிய போ!"

"உங்கட அம்மா ஒருக்காக் கேக்கட்டும், தம்பி. கேட்டால் போறன்."

"வையடி பிள்ளை," என்றாள் கிறேஸ்.

றஞ்சிதா பெட்டிகளை இரண்டு கதிரைகளில் வைத்து, வயரைப் போனில் செருகினாள். குரல் வந்தது. ஒருமுறை. இன்னொருமுறை. கிறேஸின் உதடு அந்தச் சொல்லைத் தானே சொல்லிப் பார்த்தது.

"பொய்!" றொட்னி பாய்ந்து றஞ்சிதாவின் தொண்டையைப் பிடித்தான். "நீ மாத்திப்போட்டாய்! உன்ர தொழிலே அதுதானே!"

அவளுக்கு மூச்சு அடைத்தது. கண்ணுக்குள் கறுத்தது. பத்திநாதன் இடது கையால் கத்தியை உருவி வீசினான். பழகாத கை. றொட்னியின் தோளில் கிழித்துக்கொண்டு போனது. பிடி தளர்ந்தது. இரண்டாம் தடவை கத்தி உயர்ந்தபோது கிறேஸ் நடுவில் நின்றாள்.

"விடு தம்பி. இவன் என்ர."

சொல்லிவிட்டு மரக்கதிரை ஒன்றைத் தூக்கி மகனின் முதுகில் அடித்தாள். ஒரு கால் முறிந்தது. மீண்டும் அடித்தாள். அவன் முழங்காலில் விழுந்தான். அவள் நிறுத்தவில்லை.

"எனக்காண்டியோ வெட்டினனீ? எனக்காண்டியோ? ஊர் சொன்னதை நீயும் நம்பினபடியால்தானேடா உன்ர காதில அப்பிடி விழுந்தது!"

அவன் கையை உயர்த்தவே இல்லை. நெற்றி பிளந்து இரத்தம் நிலத்தில் சொட்டியது. அயலவர்கள் ஓடி வந்து அவளைப் பிடித்தபோது அவள் கையில் கதிரையின் சட்டம் மட்டும்தான் இருந்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. பத்திநாதனின் மேலும் ஒரு வழக்கு விழுந்தது. றஞ்சிதா முழுப் பதிவையும் கமராவிலிருந்து வந்தபடியே நீதிமன்றத்தில் கொடுத்தாள். அனுஜா திரும்பி வரவில்லை. விசயம் தெரிந்த பிறகு றொட்னி இரண்டு முறை போய் அவளுடைய வாசலில் நின்றான். இரண்டு முறையும் கல்லால் எறிந்து விரட்டினார்கள்.

அம்புறோசிடம் போகத்தான் றஞ்சிதாவுக்கு மனம் வர நாளெடுத்தது. ஒரு சனிக்கிழமை காலை பெட்டிகளோடு வங்காலைக்குப் போனாள். அவர் முற்றத்தில், துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவள் போட்டுக் காட்டினாள். தன் குரலைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இதைக் கண்டுபிடிக்கவோ இவ்வளவு பாடு?" என்றார். "நான் அண்டைக்கே சொன்னனான். கத்தி வரேக்க, கிறீஸடா, எஞ்சின் கிறீஸடா எண்டு கத்தினனான். ரெண்டு தரம் கத்தினனான். அந்தப் பெரிய பெட்டி போட்ட போட்டில ஒருத்தனுக்கும் கேக்கேல்லை. பிறகு சொன்னதை ஒருத்தனும் நம்பேல்லை."

 அவர் காலை நீட்டிப் பக்கத்தில் இருந்த பெட்டியை எட்டி உதைத்தார். அது உருண்டு கிணற்றுக் கட்டில் மோதி நின்றது.

"கொண்டு போ பிள்ளை. இனி எனக்கு இதால என்ன?"

அவள் போய் அதை எடுத்தாள். ஒரு மூலை நசுங்கியிருந்தது. மண்ணைச் சேலையால் துடைத்து, இரண்டையும் ஓட்டோவில் ஏற்றினாள். வழி முழுக்க அழுதாள். வீட்டுக்கு வந்து செங்கல்லின் மேல் வைத்துச் செருகிப் பார்த்தாள். வேலை செய்தது. மத்தியானம் றோய் வந்து, பேசாலையில் நடந்த ஒரு கலியாணத்தின் கமரா மெமறிக் காட்டை மேசையில் வைத்துவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் போனான். அவள் கதிரையை இழுத்துப் போட்டு, முதல் நிமிடத்திலிருந்து கேட்கத் தொடங்கினாள்.