கடைமடை வெள்ளையான கதை

என் வீட்டுக்காரர் மவுத்தானது நாற்று நட்டு முடித்த நாலாம் நாள். புருஷன் போனவள் இருக்க வேண்டிய இத்தாவில் உட்கார்ந்தேன். நாலு மாதம் பத்து நாள் வாசற்படி தாண்டவில்லை. எங்கள் வயலோ கடைமடையில் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்கிறவரை எங்கள் தண்ணீர் முறை. முறைக்கு ஆள் நிற்காவிட்டால் மேல்வயல்காரர்கள் மடையை அடைத்துத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. அந்தப் போகம் கருகியது என்றே மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அறுப்புக் காலத்தில் நெல் மூட்டைகள் வாசலில் வந்து இறங்கின. எப்போதும் விளைவதற்கு ஒரு மூட்டைகூடக் குறையவில்லை. பக்கத்து வயல் பார்சியெம் அக்காதான் விஷயத்தைச் சொன்னாள். எங்கள் சும்பர்லோ ஊரின் நீர்க்காரர் வாகிஜான் அண்ணன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எங்கள் மடை வாயில் முட்டளவு தண்ணீரில் நின்றாராம். "என்னண்ணே இங்கயே நிக்கிறீங்க?" என்று கேட்டவர்களிடம், "கால்ல சேத்துப்புண்ணுப்பா. தண்ணியில ஊறவச்சா ஆறுமாம்" என்றாராம். பன்னிரண்டு வெள்ளிக்கிழமை. அவர் காலில் ஒரு கீறல்கூடக் கிடையாது. என்னிடம் அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதரின் கையெழுத்துத்தான் எங்கள் கடைமடை நாற்பத்தொரு வயலையும் இல்லாமல் ஆக்கப் பார்த்தது. ஊர்ச்சாவடியில் அந்தப் பெயரைப் படித்தபோது நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

மெராபி எரிமலைக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் நீர்க்காரர் என்றால் ஊராட்சிப் பதவி. சம்பளம் கிடையாது. பதவியில் இருக்கிறவரை உழுது சாப்பிட ஊர் நிலம் கொடுக்கும். மடை திறப்பது, முறை வைப்பது, வாய்க்கால் தூர் வாரக் கூட்டம் சேர்ப்பது எல்லாம் அவர் வேலை. மாவட்ட அலுவலகத்திலிருந்து மண் காக்கிற திட்டம், மழைநீர்க் குட்டைத் திட்டம் என்று யார் வந்தாலும், கூட நடந்து காட்டிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். வாகிஜான் அண்ணன் அதை இருபத்தாறு வருடம் செய்தார்.

அவர் வாயிலிருந்து வருகிற சொல் ஒன்றே ஒன்று. "இங்கிஹ்." பெரியவர்களிடம் மரியாதையாகச் சொல்கிற ஆமாம். ஆனால் எங்கள் ஊரில் அது வெறும் ஆமாம் இல்லை. சட்டென்று வந்தால் சம்மதம். கொஞ்சம் நீண்டால், நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்று அர்த்தம். தரையைப் பார்த்துக்கொண்டு மெல்ல இழுத்தால், நீங்கள் சொல்வது தப்பு, ஆனால் உங்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு மனசில்லை என்று அர்த்தம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. தாய்ப்பாலோடு வந்தது.

பார்சியெம் அக்கா அவரைக் கேலி செய்வாள். "பொண்ணு பிடிச்சிருக்கான்னு நிக்காஹ் அன்னிக்குக் கேட்டதுக்கு இங்கிஹ்னாராம். அது எந்த இங்கிஹ்னு அண்ணி இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்காங்க!"

அவரும் சிரிப்பார். "இங்கிஹ்" என்பார்.

போன வருடம் கோடையில் மாவட்டத்திலிருந்து புது அலுவலர் வந்தார். சிம்போலோன் என்று பெயர். கடல் தாண்டி, சுமத்ராவில் மேடான் பக்கம், பட்டாக் இனத்து ஆள். உரத்த குரல், திறந்த மனசு. வந்த உடனே செருப்பைக் கழற்றி வரப்பில் இறங்கினவர் அவர் ஒருவர்தான். எது பாசன வயல், எது வானம் பார்த்த நிலம் என்று பிரித்து வரைபடம் போட வந்திருந்தார். பாசன வயல் பச்சை. பச்சைக்குள் ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது. அதன் வாய்க்காலைக் காப்பது அரசின் பொறுப்பு. மற்றது வெள்ளை. வெள்ளைக்குக் கேட்பார் இல்லை.

அவர் கடைமடைக்கு வந்த நாளில் அங்கே சோளம் நின்றது. எங்கள் வழக்கம் அது. வருடத்தில் இரண்டு போகம் நெல். மூன்றாவது போகத்துக்குத் தண்ணீர் குறையும் என்பதால் கடைமடைக்காரர்கள் நாங்களே முறையை விட்டுக்கொடுத்துச் சோளமும் நிலக்கடலையும் போடுவோம். தண்ணீரை மிச்சம் பிடிக்க எங்கள் பாட்டன்மார் செய்த ஏற்பாடு. நான் அவித்த மரவள்ளிக்கிழங்கும் இனிப்புத் தேநீரும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர்கள் பேசியது என் முன்னால்தான்.

"இங்க இப்ப தண்ணி வர்றதில்லையா ஐயா?" சிம்போலோன் கேட்டார்.

"இங்கிஹ்." அது சட்டென்று வந்தது. உண்மைதானே.

"அப்ப இது வானம் பார்த்த நிலம்?"

அண்ணன் காலடிச் சோளத்தட்டையைப் பார்த்தார். "இங்கி...ஹ்."

"வயல் கணக்குல வராது, சரியா?"

"இங்...கிஹ்." இழுத்த இழுப்பில் பாதி காற்றோடு போய்விட்டது.

எனக்குத் தெரிந்தது. இது இல்லை என்கிற இங்கிஹ். வந்தவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். விருந்தாளி முன்னால் பெண்பிள்ளை நான் எதற்கு வாயைக் கொடுக்க வேண்டும் என்று கிழங்குத் தட்டை நீட்டினேன். அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டு, கைப்பலகைக் கணினியை நீட்டினார். அண்ணன் விரலால் கையெழுத்துப் போட்டார். வேறொரு நாள் யாராவது திரும்ப வந்து சரியாகக் கேட்பார்கள் என்று அவரும் நினைத்திருக்க வேண்டும். இதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் எங்கள் பக்கத்து ஆட்கள். இழுப்பைக் கேட்டதும் கேள்வியை மாற்றிக் கேட்பார்கள்.

மழைக்காலம் பிறந்து கொஞ்ச நாளில் ஊர்ச்சாவடிக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். சுவர் நிறைய வரைபடம். மேல்மடை பச்சை, நடுமடை பச்சை, கீழே நாங்கள் இருந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி காலி, வெறும் வெள்ளை.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பார்சியெம் அக்கா எழுந்து போய் விரலை வைத்துத் தேடினாள். "என் வயல் எங்க? மடை இருக்கு, பாலம் இருக்கு... எங்கடா என் வயல்?"

"அது பாசன வயல் இல்லைன்னு பதிவாயிருக்கும்மா" என்றார் சிம்போலோன். "கிடங்கு கட்ட அங்க இடம் கேட்டு ஏற்கனவே ஒரு மனு வந்திருக்கு. மூணாவது மடைக்குக் கீழ வாய்க்கால் இனிமே திட்டத்துல வராது."

வாய்க்கால் இல்லையென்றால் யார் விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றுதான். ஒருவர் விற்றுக் கிடங்கு எழுந்தால் மடை மூடும், மற்ற நாற்பது பேரும் தானாகச் சாவோம். என் வீட்டுக்காரர் விட்டுப்போனது அந்த ஒரு வயல்தான்.

"யாரு சொன்னா வயல் இல்லைன்னு? எந்தப் பாவி கையெழுத்துப் போட்டான்?" அக்கா கத்தினாள்.

சிம்போலோன் பார்த்துப் படித்தார். "வாகிஜான். ஊராட்சி நீர்க்காரர்."

எல்லாத் தலையும் திரும்பியது. அண்ணன் மூங்கில் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவருக்கும் அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது என்று சத்தியம் செய்வேன்.

"நான் மூணு தடவை கேட்டேன் ஐயா. மூணு தடவையும் ஆமான்னீங்க." சிம்போலோன் குரல் இறங்கிவிட்டது. அவரும் அதிர்ந்துதான் போயிருந்தார்.

"அது ஆமா இல்லைங்க தம்பி" என்றாள் அக்கா. "அது மரியாதை!"

"மரியாதைக்கு நான் என்ன கலரும்மா அடிக்கிறது?"

வேறு நாளாக இருந்தால் சாவடியே சிரித்திருக்கும்.

திருத்த வழி உண்டா என்று யாரோ கேட்டார்கள். உண்டு என்றார். ஆட்சேபம் சொல்ல அன்று மாலைதான் கடைசி. கையெழுத்துப் போட்டவரே, நான் கொடுத்த தகவல் தப்பு என்று எழுதித்தர வேண்டும். சொல்லிவிட்டுத் தயங்கினார். "ஆனா அப்படி எழுதிட்டா, தப்பு அறிக்கை கொடுத்தவர்னு ஆயிடும். பதவியில இருக்க முடியாது. இது நான் வச்ச சட்டம் இல்லை ஐயா."

ஊர்த்தலைவர் உடனே எழுந்தார். இதமாகப் பேசுகிறவர். யாருக்கும் மனசு நோகக்கூடாது என்று நினைப்பவர். "எதுக்கு அவசரம்? அடுத்த வருஷம் மறுபடி கணக்கெடுப்பாங்க. அப்பப் பொறுமையா சரி பண்ணிக்கலாம். இருபத்தாறு வருஷம் உழைச்ச மனுஷனை ஒரு காகிதத்துக்காக அனுப்புவாங்களா? என்ன வாகிஜான், அப்படியே விட்டுடலாம்தானே?"

எல்லாரும் இங்கிஹ்ஹுக்காகக் காத்திருந்தோம். பாவி நானும்தான். அது வந்தால் என் வயல் போகும் என்று தெரிந்தும், பழக்க தோஷத்தில் என் உதடே அதைச் சொல்லத் தயாராக இருந்தது.

அண்ணன் எழுந்து நின்றார். தலைவரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஓரா."

இல்லை என்பதற்கு எங்களிடம் மரியாதையான சொல் ஒன்று இருக்கிறது. பெரியவர்களிடம் அதைக்கூட யோசித்துத்தான் சொல்வோம். ஓரா என்பது ஆட்டை விரட்டும்போது, பிள்ளையை அதட்டும்போது, வரப்பில் சண்டை போடும்போது சொல்வது. அதை ஊர்த்தலைவர் முகத்தில், நிறைந்த சாவடியில், வாகிஜான் அண்ணன் சொன்னார். முன்வரிசையில் யாரோ கையிலிருந்த தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்கள். தலைவர் வாய் திறந்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

"பேனா கொடுங்க தம்பி" என்றார் அண்ணன்.

எழுத அவருக்கு வெகுநேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க என் மனசு அடித்துக்கொண்டது. எழுந்து, நானும் அங்கே இருந்தேன், நானும் கேட்டேன், அவர் மட்டும் தப்பு செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். எழுதாதீர்கள் அண்ணே என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. என் வயல் அந்தக் காகிதத்தில் இருந்தது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

இரண்டு மாதத்தில் புது வரைபடம் வந்தது. கடைமடை பச்சை. அதே வாரத்தில் அண்ணனுக்குக் கடிதமும் வந்தது. நிற்கிற பயிரை அறுத்ததும் ஊர் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சரி, சொந்த நிலத்தைப் பார்த்துக்கொள்வார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அப்போதுதான் அண்ணி பார்சியெம் அக்காவிடம் சொன்னாராம்: "எந்தச் சொந்த நிலம்? பாகம் பிரிச்சப்ப, எனக்குத்தான் ஊர் நிலம் இருக்கேன்னு எல்லாத்தையும் தம்பிங்களுக்கு விட்டுட்டாரு." ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. இருபத்தாறு வருடம் எங்கள் எல்லார் வயலுக்கும் தண்ணீர் காவல் நின்றவருக்கு ஒரு வரப்புகூடச் சொந்தமில்லை. அக்கா சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சுமத்ராவில் ரியாவுக்குப் போகிறார்கள் என்றார்கள். மகள் அங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இருக்கிறாள்.

புறப்படுகிற அன்று காலை பள்ளிவாசல் முன்னால் வேன் நின்றது. என் வயல் புது அரிசியும் வாழையிலையில் சுற்றிய தெம்பே சோயாக்கட்டியும் கொண்டுபோனேன். ஊர்த்தலைவரும் வந்திருந்தார். அண்ணன் குனிந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து சலாம் சொன்னார். தலைவர் அழுதுவிட்டார்.

அண்ணி வேனில் ஏறின பிறகு நான் கிட்டே போனேன்.

"அண்ணே, அன்னிக்குச் சோளக்கொல்லையில நானும் இருந்தேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்துட்டேன். சாவடியிலயும் பேசல. என்னைப் பொறுத்துக்கணும்."

அவர் அரிசியை வாங்கி வேனுக்குள் வைத்தார்.

"நீ அன்னிக்குப் பேசியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா முர்தினா? விருந்தாளி முன்னால பொம்பளைக்கு என்ன வாய்னு உன்னைத்தான் அதட்டியிருப்பேன்." சிரித்தார். வேனுக்குள் ஒரு காலை வைத்தவர் திரும்பினார். "பனைக்கு மடை கிடையாதாம். மழை பெய்யுதாம், அதுபாட்டுக்கு நிக்குதாம். காலையில எந்திரிச்சு நான் எங்க போறதுன்னுதான் தெரியல."