பெருமாளும் பதினைந்து அடி ஹாட்ஸ்பாட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, மயூர் விஹாரில் ஒரு பால் பூத்துக்கு எதிரே, பெருமாள் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

பல்லக்குத் தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். முன்னால் சென்ற தமிழ் நின்றுவிட்டது. பின்னால் வந்த வேதமும் நின்றுவிட்டது. ஓர் ஈ-ரிக்‌ஷா மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் காரணம்... வைஃபை மட்டும் உள்ள டேப்லெட்டுக்கும், சிம் போடக்கூடிய டேப்லெட்டுக்கும் இடையே இருந்த ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம். வாங்கியவன் அடியேன்.

விவரமாகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் ஆண்டுக்கு ஒரு முறை வீதிப் புறப்பாடு உண்டு. பெருமாளுக்கு முன்னால் தமிழ்ப் பாசுரம் சொல்பவர்கள் நடப்பார்கள்; பின்னால் வேதம் சொல்பவர்கள் வருவார்கள். அவர் தமிழைத் தொடர்ந்து போகிறவர். வேதம் அவரைத் தொடர்ந்து வருகிறது. இந்த வரிசையை மாற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது. தில்லி போக்குவரத்துக் காவலருக்கும் கிடையாது.

முன்னால் செல்லும் கோஷ்டியில் ஒருவர் பாட்டின் முதலடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொடர்வார்கள். அவர் எடுக்காமல் வேறு யாரும் வாய் திறப்பதில்லை; அது மரியாதை இல்லை. இருபது வருடமாக முதலடி எடுத்தவர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். புறப்பாட்டுக்கு ஒரு மாதம் முன்பு, அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது.

வாழ்நாளில் வேறு எந்தப் பதவிக்கும் நான் ஆசைப்பட்டதில்லை. இதற்கு ஆசைப்பட்டேன். ஆனால், ஒரு சிக்கல் இருந்தது. அதை என் மனைவி கோமளம் ஒருத்தியே அறிவாள்.

எனக்கு இப்போதெல்லாம் பாட்டின் தலை நினைவுக்கு வருவதில்லை. உடல் முழுவதும் அப்படியே இருக்கிறது. முதல் சொல்லை மட்டும் யாராவது கையில் கொடுத்துவிட்டால், மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்த முதல் சொல்தான் வராது. முதலடி எடுக்க வேண்டியவனுக்கு எப்பேர்ப்பட்ட நோய் பாருங்கள்!

புத்தகத்தைப் பார்த்துச் சொல்லலாமே என்பீர்கள். அந்த எழுத்து, சர்க்கரையைக் கண்ட எறும்புக் கூட்டம் மாதிரி இருக்கிறது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு எறும்புகள் தெளிவாகத் தெரிகின்றன, எழுத்துகள் தெரியவில்லை. எனவே, எழுத்தை எலுமிச்சம்பழம் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு டேப்லெட் வாங்குவதென்று முடிவு செய்தேன்.

கடையில் இரண்டே வகைதான் என்றார்கள். ஒன்று பதினைந்தாயிரம். அது வைஃபை இருக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும். இன்னொன்று இருபதாயிரம். அதில் சிம் போட்டுக்கொள்ளலாம். போகும் இடமெல்லாம் இன்டர்நெட் கூடவே வரும். அந்த சிம்முக்கு மாதா மாதம் தனியாக ரீசார்ஜ் வேறு.

விற்பனையாளர் பொறுமையானவர். "அங்கிள்ஜி, கர் மே சலாவோகே யா பாஹர்?" என்று கேட்டார். வீட்டில் வைத்துப் பயன்படுத்தப் போகிறீர்களா, வெளியிலா?

எவ்வளவு நேரான கேள்வி! அதற்கு நான் எவ்வளவு கோணலாக யோசித்தேன் தெரியுமா? பாசுரம் சொல்வது எங்கே? பூஜை அறையில். பூஜை அறை எங்கே? வீட்டில். வீட்டில் வைஃபை உண்டா? உண்டு. ஆகவே பதினைந்தாயிரம். "கர் மே" என்றேன், கம்பீரமாக. ஒரு கவரும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

மூன்று வாரம் ஒத்திகை. காலை ஒரு முறை, பகல் ஒரு முறை, விளக்கேற்றிய பின் ஒரு முறை. எலுமிச்சம்பழ எழுத்துகள் அணி அணியாக வந்தன. ஒரு பாட்டு முடிந்ததும் விரலால் தள்ளினால் இன்டர்நெட்டில் இருந்து அடுத்த பாட்டு. சமையலறையில் கோமளம் கறிகாய் நறுக்கும் சத்தம்கூட எனக்குத் தாளமாகவே கேட்டது.

புறப்பாட்டுக்கு இரண்டு நாள் முன்பு அவள் கேட்டாள்.

"ஏன்னா, ஞாயித்துக்கிழமை அந்த மோடத்தையும் கையில எடுத்துண்டு போவேளா?"

டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். ஒரு பாட்டு வந்தது. அடுத்ததைத் தள்ளினேன். ஒரு சிறு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பெருமாள் கையில் இருக்கும் சக்கரத்தைத் தவிர வேறு எந்தச் சக்கரத்தையும் நான் அவ்வளவு நேரம் தியானித்ததில்லை.

கடைக்கு ஓடினேன். பெட்டியைத் திறந்துவிட்டால் மாற்ற முடியாதாம். என் கைபேசியோ பட்டன் வைத்தது. கூப்பிட்டால் பேசும், அவ்வளவுதான். வேறு வழியின்றி, எதிர் வீட்டுப் பட்டாபியின் கதவைத் தட்டினேன்.

பட்டாபி ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். புறப்பாட்டில் வேத கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். சிறுவயதில் பாடசாலையில் படித்த வேதம், ஓர் அட்சரம் மறக்கவில்லை என்று எண்ணற்ற தடவை சொல்லியிருக்கிறார். வரம்பில்லாத டேட்டா திட்டம் வைத்திருப்பதையும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் சொல்லியிருக்கிறார்.

புறப்பாடு முடியும்வரை அந்த போனைக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஓய், டேட்டாவை எவ்வளவு வேணும்னாலும் குடியும். ஹாட்ஸ்பாட் போட்டுத் தரேன். போனை மட்டும் கேக்காதேயும்."

ஏன் இந்தப் பிடிவாதம்? அப்போது எனக்குப் புரியவில்லை. இக்கட்டில் இருப்பவன், கிடைக்கும் பிச்சையின் வடிவத்தை ஆராய்வதில்லை. ஹாட்ஸ்பாட் போட்டால் அவர் போனின் இன்டர்நெட் என் டேப்லெட்டுக்கும் வரும், பதினைந்து அடி வரைக்கும் நன்றாக எட்டும் என்றார். போதும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் வாசலில் எல்லாம் சரியாகவே தொடங்கியது. பெருமாள் புறப்பட்டார். நான் முதலடி எடுத்தேன். கோஷ்டி கணீரென்று பிடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். பல்லக்குக்குப் பின்னால் பட்டாபி... தலை குனிந்து, மார்போடு கைகூப்பி, கூப்பிய கைகளுக்குள்ளேயே பார்வையை நிறுத்தி வேதம் சொல்லிக்கொண்டு வந்தார். என்ன அடக்கம்! எனக்கே சற்றுப் பொறாமையாக இருந்தது.

நான்காம் பாட்டுக்கு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

காரணம் எளிது. எனக்கும் பட்டாபிக்கும் நடுவே ஒரு பல்லக்கு, அதன் நீளமான தண்டு, எட்டுத் தோள்கள், இரண்டு குடைகள். இவையெல்லாம் சேர்ந்து பதினைந்து அடியைத் தாண்டிவிட்டன. எங்கும் நிறைந்தவனைப் பற்றிய பாட்டைப் படிக்க, எங்கும் நிறையாத ஒன்றை நம்பி வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நடையைக் குறைத்தேன். பல்லக்கு நெருங்கியது; பாட்டு வந்தது. சாதாரணமாக நடந்தேன், போய்விட்டது. மீண்டும் குறைத்தேன். இப்போது பல்லக்குத் தண்டு என் முதுகைத் தொட்டது. பெருமாளே முதுகில் தட்டிக் கொடுப்பதாக எண்ணிக்கொள்ள முயன்றேன். தில்லியின் இன்னொரு கோடியான துவாரகாவில் இருந்து பல்லக்குத் தூக்க வந்திருந்த ஐடி இளைஞர் ஒருவர், காதருகே குனிந்து, "அங்கிள், தோள் போயிடும், கொஞ்சம் ஜல்தி" என்றார்.

ஜல்தியாக நடந்தால் தமிழ் நிற்கும். மெதுவாக நடந்தால் தோள் போகும். பட்டாபியைப் பார்த்துக் கண்ணால் சைகை செய்தேன். அவர் புரிந்துகொண்டு நான்கு அடி முன்னால் வந்தார். அவர் வாயைப் பார்த்தே வேதம் சொல்லும் மற்ற மூவரும் நான்கு அடி முன்னால் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த பக்தர்களும் வந்தார்கள். விளைவு? வேதம், பெருமாள், தமிழ், குடை, தேங்காய்த் தட்டு எல்லாம் ஒரே கும்பலாகி, ராஜீவ் சௌக் மெட்ரோ நிலையத்தில் ரயில் மாறுகிறவர்களைப் போல நகர்ந்தோம். ஆனால், பாட்டு தடையில்லாமல் வந்தது. இறைவனையும் வேதத்தையும் தமிழையும் இவ்வளவு நெருக்கமாக யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

பால் பூத்துக்கு எதிரே, பதினொன்றாம் பாட்டுக்காக விரலால் தள்ளினேன். வட்டம்கூட வரவில்லை. வெறும் வெள்ளைத் திரை.

அதே நொடியில், பின்னால் வேதமும் நின்றது.

திரும்பினேன். பட்டாபி கூப்பிய கைகளை மெல்லப் பிரித்தார். உள்ளே அவருடைய போன். கறுத்துப்போய், உயிரற்று. நான் குடித்த ஹாட்ஸ்பாட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது. அட்சரம் மறக்காத வேதம் முழுவதும் அதற்குள்தான் இருந்திருக்கிறது!

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நடுவில் பெருமாள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஈ-ரிக்‌ஷா ஹாரன் அடித்தது.

கோஷ்டி காத்திருந்தது. தொண்டையைச் செருமினேன். பாட்டின் உடல் முழுவதும் உள்ளே இருக்கிறது, தலையைக் காணோம். மறுபடியும் செருமினேன். எத்தனை முறை செரும முடியும்? கோயில் செயலாளர் என்னை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். இருபது வருடத்துக்குப் பிறகு ஆள் மாறியிருக்கிறது. புதிதாக வந்தவன் பத்தே பாட்டில் காலியாகிவிட்டான் என்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். அது அன்பாகவும் இருக்கும்... உடல்நிலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கைகூப்பும் பொம்மையோடு. அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியாது.

அப்போது, ஓரமாகத் தேங்காய்த் தட்டோடு நின்ற பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. பாட்டின் முதல் சொல். ஒரே ஒரு சொல். குழம்புக்குப் புளி தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, சரியாக அதே குரலில்.

கோமளம்.

மரியாதை இல்லைதான். ஆனால், அந்தச் சொல் கிடைத்ததும் மீதி மடை திறந்ததுபோல் வந்துவிட்டது. கோஷ்டி பிடித்துக்கொண்டது. பெருமாள் நகர்ந்தார். அடுத்த பாட்டுக்கும் ஒரு சொல். அதற்கடுத்ததற்கும். மூன்று வாரம், நாளுக்கு மூன்று வேளை, கறிகாய் நறுக்கிக்கொண்டே கேட்டவள் அல்லவா? நான் ஒத்திகையில் காபிக்காக எழுந்துபோய்த் தவறாமல் விட்டுவிடும் பதினேழாம் பாட்டையும் தவறாமல் விட்டுவிட்டாள். யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தோள் வலி.

பின்னால் பட்டாபியும் சமாளித்துக்கொண்டார். நினைவில் இருந்த ஒரே மந்திரத்தைக் கோயில் வாசல்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். வேதத்தின் ஆழம் அப்படிப்பட்டது என்று சிலர் உருகினார்கள்.

பிரசாதம் வாங்கும்போது துவாரகா இளைஞரிடம் கதையைச் சொன்னேன். அவர் புளியோதரையை வாயில் வைத்தபடியே, "அங்கிள், வீட்டுலயே எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கலாமே. நெட்டே வேண்டாம்" என்றார்.

பட்டாபியும் நானும் இரண்டாம் தடவை புளியோதரை வாங்கப் போய்விட்டோம்.

பொருள் வாங்குகிறவர்கள் விலைச்சீட்டை இரண்டு முறை படிக்கிறோம். அதை எங்கே நின்று பயன்படுத்தப் போகிறோம் என்பதை ஒரு முறையாவது நின்று பார்த்து வந்தால் என்ன? மொட்டைமாடிப் படி பதினெட்டுதான். மூன்று வாரத்தில் ஒரு நாள் ஏறியிருக்கலாம்.

அடுத்த ஆண்டும் நான்தான் முதலடி எடுக்க வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். கோமளத்தைப் பெண்கள் வரிசையின் முன்னால், எனக்குப் பக்கமாக நிற்கச் சொல்லியும் கேட்டுக்கொண்டார். பதினேழாம் பாட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தாழ்ந்த குரலில் சேர்த்தார். ஒருவருக்கு மட்டும் தோள் வலி இல்லை போலும்.

வீட்டுக்கு வந்ததும், இதைப் பத்திரிகைக்கு ஒரு பத்தியாக எழுதலாமா என்று கோமளத்திடம் கேட்டேன்.

"எழுதிக்கோங்கோ. என்னை ஹாட்ஸ்பாட்னு மட்டும் எழுதிடாதேள்."

நான் அப்படி எழுதவில்லை. அவள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.