ஒரு நாட்டின் மேல் பொறாமை

எனக்குச் சக்களத்தி ஒரு நாடு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கு ஒரு மரியாதை கொடுத்தது போல் ஆகிவிடும்.

போர் முடிந்து சில வருடங்கள் ஆன நாடு அது. என் கணவர் சர்வதேசச் சட்டம் படித்தவர். போர் ஓய்ந்த இடங்களுக்குப் போய், அங்கே மறுபடி மனிதர்கள் குடியிருக்க என்ன செய்யலாம் என்று அரசாங்கத்துக்கும் மக்களுக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுவது அவர் வேலை. உயிருக்குப் பயந்து ஓடியவன் திரும்பி வந்தால், அவன் வீட்டில் இப்போது இருப்பவனை என்ன செய்வது? காணாமல் போன பிள்ளைகளைப் பற்றித் தாய்மாருக்கு யார் பதில் சொல்வது? ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்ட இரண்டு ஊர்க்காரர்கள் மறுபடி ஒரே சந்தைக்கு வந்து காய்கறி வாங்குவது எப்படி? இதெல்லாம் அவர் கவலை. அங்கே பல மாதம் இருப்பார், ராஜபாளையத்தில் எங்களோடு சில வாரம் இருப்பார். நான் இங்கே ஒரு நூற்பாலை அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டு, பிள்ளையை வளர்த்துக்கொண்டு, தண்ணீர் வராத நாளில் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்தேன்.

ஒருமுறை அவர் அங்கிருந்து ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு கொட்டகை. கீழே பாய். ஒரு கிழவி பேசிக்கொண்டே இருக்கிறாள். மகனைத் தேடுகிறவளாம். மொழிபெயர்ப்பவர் ஒருவர் பக்கத்தில். என் கணவர் சம்மணம் போட்டு, உடம்பை முன்னால் சாய்த்து, அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவள் பேச்சை நிறுத்தினால் இவரும் பேசாமல் காத்திருக்கிறார். அவள் அழுதபோது இவர் கண்ணும் நிறைந்தது. எங்கள் அப்பா செத்த வீட்டில்கூட அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை.

வீடியோ முடிந்ததும் எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மேல் பொறாமைப்பட உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்பீர்கள். வந்தது. என்னத்தைச் செய்ய?

இரவு போனில் அவர் எனக்குச் சட்டம் விளக்கினார். காணாமல் போனவரின் குடும்பத்துக்கு உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டாம். அதை எந்த அரசாங்கமும் மறுக்க முடியாதாம்.

"எனக்கு அப்படி ஏதும் உரிமை இருக்கா?" என்று கேட்டேன்.

"உனக்கு என்ன தெரியணும்?"

"ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி" என்றார். உடனே வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார்.

லீவில் வீட்டுக்கு வந்தால் மட்டும் என்ன? ஆலையில் மேனேஜர் என்னைப் பத்துப் பேர் முன்னால் பேசிய பேச்சை அழாத குறையாகச் சொல்வேன். "ம்" என்பார். அரை நிமிடம் கழித்து, "யாரு சொன்னா?" என்பார். அவர் உடம்போடு சேர்த்து அவர் காதும் லீவில் வந்திருக்கும்.

ஆனால் இதை ஒரு ஆளிடம் சொன்னேனா? சொல்லவில்லை. கல்யாண வீட்டில், ஆலையில், பக்கத்து வீட்டு அக்காவிடம், "அவிய இப்ப அங்க இருக்காவ. அவிய இல்லன்னா அங்க ஒரு வேலையும் நடக்காது" என்று பெருமைதான் பேசினேன். புருஷன் பக்கத்தில் இல்லாதவளுக்குப் பெருமையாவது வேண்டாமா?

இதில் என் அண்ணனோடு வந்த வினையைச் சொல்ல வேண்டும். அண்ணனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் உரக்கடை. வத்திராயிருப்புப் பக்கத்து விவசாயிகள்தான் பெரும்பாலும் வாடிக்கை. அவன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று என் கணவர் லீவில் இருந்தார். பந்தியில் மாப்பிள்ளைக்கு முதல் இலை. பக்கத்து இலையில் அண்ணன். சாம்பார் ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் வைத்திருப்பார், போன் வந்தது. அந்த நாட்டிலிருந்துதான். எச்சில் கையோடு எழுந்து மாடிக்குப் போனவர், பந்தி முடிந்த பிறகுதான் இறங்கினார். அண்ணன் தன் இலையில் கை வைக்காமல் அவருக்காக உட்கார்ந்தே இருந்தான்.

"சோத்துல கல்லு கெடந்துச்சா மாப்பிள்ளை?" என்றான் அண்ணன்.

"அங்க சனம் வீடில்லாம ரோட்டுல நிக்குது மச்சான். இங்க ஒரு இலைக்கு இம்புட்டுப் பேச்சா?" என்றார் இவர். புது வீட்டில், பால் காய்ச்சிய அன்று.

அதோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அண்ணன் என்னோடும் அளந்துதான் பேசினான். நல்லது கெட்டதுக்கு நான் மட்டும் பஸ்ஸில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தேன்.

அப்படியே ஓட்டியிருப்போம். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து மணையில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். "மாமா வராம நான் எப்படிம்மா மண்டபத்துல நடந்து வருவேன்?" என்று மகள் கேட்டாள். அந்தப் பிள்ளை இலைச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராதவள்.

லீவில் வந்திருந்த என் கணவரிடம், அண்ணனைக் கூப்பிடப் போக வேண்டும் என்று சொன்னேன். போவோம் என்று உடனே ஒத்துக்கொண்டார். கார் ராஜபாளையத்தைத் தாண்டும் முன்பே பாடம் நடத்த ஆரம்பித்தேன்.

"பழச எடுக்கவே கூடாது. தட்டுல வெத்தலை பாக்கு, பத்திரிகை. 'வந்து நடத்திக் குடுங்க மச்சான்'னு ஒரு வார்த்தை. அவன் 'வாரோம்'பான். காபி குடிக்கோம், எந்திரிக்கோம். அம்புட்டுத்தான்."

"உண்மையைப் பேசாம வர்ற சமாதானம் நிக்காது. நான் எத்தனை ஊர்ல பாத்துருக்கேன்" என்றார்.

"இந்த ஊர்ல நான் பாத்துருக்கேன். எங்க சித்தப்பாவும் பெரியப்பாவும் அப்படித்தான் சேந்தாக. எதுக்குச் சண்டைன்னு இன்னைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் வாயத் தொறக்கல."

"சரி" என்றார். நானும் நம்பினேன்.

அண்ணன் வீட்டு ஹாலில் எங்களைப் பார்த்ததும் அவன் நாற்காலியை விட்டு அசையவில்லை. மதினியிடம், "வந்தவுகள உக்காரச் சொல்லு" என்றான். மதினி எங்களைப் பார்த்து, "உக்காருங்கண்ணே" என்றாள்.

"காபி குடிப்பாவளான்னு கேளு."

"காபி குடிக்கீங்களாண்ணே?"

"குடிக்கேன்னு சொல்லுங்கம்மா" என்றார் என் கணவர். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசியே பழகிய மனிதர். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் மதினிக்காக நிறுத்தி, அவள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார். பேசுவது எல்லோரும் தமிழ்தான். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

காபி வந்தது. தட்டை ஸ்டூலில் வைத்தேன். அண்ணன் கண் பத்திரிகை மேல் போனது. மருமகள் பெயரைப் படித்திருப்பான், முகம் கொஞ்சம் இளகியது. இந்த நேரத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். என் கணவர் தொண்டையைக் கனைத்தார்.

"மச்சான், பத்திரிகை வைக்கிறதுக்கு முன்னாடி, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க உங்க வாயால சொல்லணும். நான் குறுக்க பேச மாட்டேன். பொறவு நான் சொல்லுதேன்."

நான் அவர் காலை மிதித்தேன். மதினி இதை எடுத்துச் சொல்லவில்லை, என்னைத்தான் பார்த்தாள். வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்துகொண்டு பழசைக் கிண்டுகிற மாப்பிள்ளையை எங்கள் ஜில்லாவில் யாரும் கண்டதில்லை.

"என்ன, என்னய கூண்டுல ஏத்தி விசாரிக்காவளா?" அண்ணன் மதினியிடம்தான் கேட்டான். "தட்ட எடுத்துட்டுப் போவச் சொல்லு."

முடிந்தது என்று நினைத்தேன். மகள் மண்டபத்தில் தனியாக நடந்து வருவது கண்ணில் தெரிந்தது. தட்டை எடுக்கக் கை நீட்டினேன். என் கணவர் எழுந்திருக்கவில்லை. போனை எடுத்து அணைத்து மேஜையில் வைத்தார். உடம்பை முன்னால் சாய்த்து அண்ணன் முகத்தையே பார்த்தார்.

எனக்கு அந்த இருப்பு தெரியும். அந்தக் கிழவிக்குக் கொடுத்த அதே இருப்பு. நான் இத்தனை வருடம் கேட்டுக் கிடைக்காததை, பேசவே மாட்டேன் என்கிறவனுக்குத் தூக்கிக் கொடுக்கிறார். கல்யாணமே நின்றுவிடும் போலிருக்கிறது, அப்போதும் எனக்கு அண்ணன் மேல் பொறாமைதான் வந்தது.

அண்ணன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். அப்புறம் பேசினான். மதினியிடம் இல்லை, என் கணவரிடமும் இல்லை, என்னிடம்.

"மாப்பிள்ளை எந்திரிச்சுப் போனது எனக்குப் பெருசில்லட்டி. கடைல எனக்கும் போன் வருது, நானும் பாதிச் சோத்துல எந்திரிக்கேன். ரோட்டுல சனம் நிக்குதுன்னாரு. அது நெசந்தான, யாரு இல்லங்கா? அன்னைக்கு ஒன் மதினி அந்த எலையப் பாத்துட்டுக் கண்ணு கலங்கி நின்னா. நீ அவகிட்ட என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்?"

"'அவிய வேலை பெரிய வேலை மதினி, ஒரக்கடைல உக்காந்து ஒலகத்தப் பாக்குறவங்களுக்கு அது புரியாது'ன்னு சொன்ன. நான் எலைக்கு முன்னால உக்காந்துருக்கேன். எங்காதுல விழணும்னுதான் சொன்னியோ என்னமோ."

எனக்கு நினைவில்லை. மதினியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்படியானால் சொல்லியிருக்கிறேன்.

என் கணவர் என் பக்கம் திரும்பினார். அதே இருப்பு, அதே கண். "நீ சொல்லு" என்றார். என்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை.

நான் இதற்காக எவ்வளவு ஏங்கியிருப்பேன். கிடைத்த அன்று நான் குற்றவாளியாக உட்கார்ந்திருக்கிறேன். ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. எதைச் சொல்லக் கூடாது என்று இத்தனை காலம் பொத்தி வைத்தேனோ அதுதான் வாயில் வந்தது.

"எனக்கு மட்டும் புரிஞ்சுதாண்ணே? அவிய எந்திரிச்சுப் போனப்ப ஒனக்கு முன்னால எனக்குத்தான் வயிறு எரிஞ்சுச்சு. அழுதா மானம் போயிருமேன்னு பெருமையா மாத்திச் சொல்லிட்டேன். எப்பவும் அப்படித்தான் சொல்லுதேன். எனக்கு அந்த நாட்டு மேல பொறாமை. அங்க மவனத் தேடி ஒரு கெழவி அழுதா, அவ மேலயும் பொறாமை. ஒன் மேலகூட இப்ப இங்க உக்காந்து பொறாமைப்பட்டேன். ஒங்க எல்லாருக்கும் அவிய காது கெடைக்கி. எனக்குக் கெடைக்கல."

மதினி என் பக்கத்தில் வந்து நின்று தோளில் கை வைத்தாள்.

அண்ணன் முதல்முறையாக என் கணவரை நேராகப் பார்த்தான். நடுவில் மதினி இல்லாமல் கேட்டான்.

"மாப்பிள்ளை, இதுக்கு ஒங்க சட்டத்துல என்ன எழுதிருக்கு?"

என் கணவர் எந்த நாட்டு மந்திரிக்கும் பதில் சொல்கிறவர். "ஒண்ணும் இல்ல மச்சான்" என்றார்.

அண்ணன் எழுந்தான். தட்டிலிருந்து பத்திரிகையை எடுத்து, வெற்றிலையோடு சேர்த்து மதினி கையில் கொடுத்தான்.

"எம் மருமவளுக்கு நான் வாரேன். அதுல ஒரு மாத்தமும் இல்ல. நீங்க மொதல்ல இதப் பேசி முடிங்க." மதினியைப் பார்த்து, "செத்த நேரம் கடைக்கு வா" என்றான். மதினி சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு பின்னாலேயே போனாள். பைக் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அடுத்தவர் வீட்டு ஹாலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எத்தனையோ பகையாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசியவர் அவர். அன்று அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஆள் இல்லை. எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.