மேலாபீஸ் லைன்

ஸ்ரீபெரும்புதூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தபோது அங்கே லைன்மேனாக ஒருவர் இருந்தார். ஒட்டிய கன்னம், காக்கிச் சட்டை. எந்த வேலை சொன்னாலும் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தூக்குவார்.

"மூன்று முறை அழைத்தும் பதில் வராவிட்டால் லைன் பழுதெனக் கொள்க" என்றது விதி. எவ்வளவு நேரம் விட்டு அழைப்பதென்று அதில் இல்லை. சூப்பர்வைசர் சொன்னபடி நான் மணிக்கொரு தரம் அழைப்பேன்.

ஒரு மழைநாளில் ஒரகடம் போஸ்ட் ஆபீஸிலிருந்து மூன்று முறையும் பதில் இல்லை. அதன் பிறகே அவரை அனுப்பினேன். அவர் போனபோது, பாம்பு கடித்த மனைவிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட வந்த ஒருவர், சத்தமில்லாத ரிசீவரைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாராம். மனைவி பிழைக்கவில்லை.

"எவ்ளோ நேரம் வுட்டுக் கூப்டணும்னு மேலாபீஸைக் கேளும்மா. உன் கால்ல வேணா வுழறேன்" என்றார் திரும்பி வந்த லைன்மேன். மாதத்துக்கு ஒன்றாக மூன்று கடிதம் எழுதினேன். பதிலே வரவில்லை.

"மூணு தபா ஆச்சு. மேலாபீஸ் லைன் பழுதுன்னு எழுதிக்கம்மா."

அவர் சிரிக்கவில்லை. பழுதுப் பதிவேட்டில் அப்படியே எழுதினேன். பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர், எந்தக் கம்பத்தில் ஏறுவதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்.